புல்லின் நீலம்

நடுப்பகல் வெயில் ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் கொட்டுகிறது. இன்று முதன்முதலாகப் பற்றவைக்கப்போகும் அடுப்பின் முன்னால் மருமகள், அவள் புருஷன், மாமியார் மூன்று பேரும் நிற்கிறார்கள். கொல்லையிலுள்ள எரிவாயுத் தொட்டியிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து வந்து அடுப்பில் முடிகிறது. தொட்டிக்குள் ஊறிப் புளித்து வாயுவாவது மருமகள் பிடிவாதமாக வளர்த்த புல். ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் வெட்ட வெட்டத் தழைக்கிற, ஆளுயரப் புல். பாதி மாட்டுக்கு, மீதி தொட்டிக்கு. "மாடு தின்னும், சரி. அடுப்பும் புல்லு தின்னுமாடி?" என்று மாமியார் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். புருஷன் மூன்றாவது தீக்குச்சியை உரசி நீட்டுகிறான். குச்சி கருகி விரலைச் சுட, உதறிவிடுகிறான். அடுப்பில் ஒன்றையும் காணோம். "பிடிக்கல," என்கிறான், அவள் முகத்தைப் பார்க்காமல். மருமகள் வால்வை மூடக் கையை நீட்டுகிறாள். புறங்கையில் சுரீரென்று சூடு உறைக்கிறது. காதில் உஸ்ஸென்று ஒரு சின்னச் சீறல். "அந்த ஜன்னலச் சாத்துங்க," என்கிறாள். மாமியார்தான் ஓடிப்போய்ச் சாத்துகிறாள், கதவையும் தள்ளுகிறாள். அறை இருள்கிறது. அடுப்பில் நீலம், வட்டமாக, சின்னச் சின்ன இதழ்களாக நின்று எரிந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு நேரமும் வெயில்தான் அதை மறைத்து வைத்திருக்கிறது. கொல்லையில் மாடு அதே புல்லைக் கரகரவென்று மெல்வது கேட்கிறது. அந்த இருட்டில் பானையைத் துழாவி எடுத்து மருமகள் கையில் திணிக்கிறாள் மாமியார். "என்ன வேடிக்கை? தின்னதுதான் செரிச்சிருச்சே. உலைய வைடி."