கூழாங்கல்லும் ஆட்காட்டி முட்டையும்

ஏரிக்கரைச் சரளையில் ஓர் ஆட்காட்டிப் பறவை முட்டையிட்டது. புள்ளி விழுந்த அந்த முட்டையைப் பக்கத்திலிருந்த கூழாங்கல் தன் இனமென்றே எண்ணியது. முட்டையின் ஓடு தானே முன்வந்து திருத்தியது: "நான் வெறும் ஓடு, அண்ணே. தாளைவிடச் சற்றுத் தடிப்பு, அவ்வளவுதான்."

ஆனால் தாய்ப்பறவை மேலே அமர்ந்தாலும், அலகால் புரட்டிக் கல்லில் உரசவிட்டாலும் ஓட்டில் ஒரு கீறல் விழவில்லை. கூழாங்கல் மலைத்துப்போனது.

ஒரு காலை உள்ளேயிருந்து குஞ்சு தட்டும் ஒலி கேட்டது. ஓட்டில் விரிசல் ஓடியது.

"தளராதே, தம்பி," என்று பதறியது கல். "தாயையே சுமந்தவன், இந்தச் சின்ன மூக்குக்கா தோற்பாய்?"

"இவனுக்காகத்தானே சுமந்தேன், அண்ணே. இவன் எலும்புக்கான சுண்ணாம்பையும் என்னிலிருந்துதான் கொடுத்தேன். இப்போது வழி கொடுக்கிறேன். வெளியே நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்."

"எனக்கு நானாக உருளக்கூடத் தெரியாதே, தம்பி."

பதில் சொல்வதற்குள் ஓடு பிளந்தது. தாய் அதன் உட்புறம் வெளுத்த சில்லுகளைக் கவ்விக்கொண்டு, தொலைவில் போடப் பறந்தது. அந்நேரம் பருந்தின் நிழல் சரளைமீது விழுந்தது. ஈரம் உலராத குஞ்சு கல்லோடு ஒட்டிப் பதுங்கியது.

பிறந்தது முதல் அசையாமலே கிடந்த கூழாங்கல், அன்றுதான் அசையாதிருக்கப் பாடுபட்டது. பருந்து கீழே இரண்டு கற்களைப் பார்த்துவிட்டு, ஏரியின் மறுகரைக்குப் போயிற்று.