ஊசி கேட்காத நோயாளி

"எத்தினி நாளா இருமல்?"

"மூணு வாரமாங்க. சாயங்காலமானா ஜொரம். இடுப்புல துணி நிக்கல, அவ்ளோ எளச்சாச்சி."

டாக்டர் சுப்பராயலு அவளை ஏற இறங்கப் பார்த்தார். சேவூர் நெசவுக்காரி தெய்வநாயகி, காசநோய்ப் பாடத்தை அப்படியே ஒப்பிக்கிறாள். ஆனால் ஆள் எங்கே இளைத்திருக்கிறாள்?

ஒரு மாதமாக ஆரணி டாக்டர்களுக்கு இதே கிலிதான். ஏதோ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளி டெஸ்ட் என்று காசநோய்க்கு அரசு வகுத்த விதிமுறைகளை ஒழுங்காகப் பின்பற்றுவது தனி கிளினிக் டாக்டர்களா, நாலு பேர் சேர்ந்து நடத்தும் ஆஸ்பத்திரிக்காரர்களா என்று பார்க்க, நோயாளி வேஷத்தில் ஆள் அனுப்புகிறார்களாம். தவறினால் பெயர் கெட்டது. சுப்பராயலுவோ தனி கிளினிக். இருமல் என்றால் ஒரு ஊசி, ஒரு பாட்டில் மருந்து. இருபது வருடமாக அதுதான் அவருடைய விதிமுறை.

ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. அவள்தான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினார். இன்னொன்றும் உறுத்தியது. இந்த ஊரில் இருமலோடு வந்து ஊசி கேட்காத ஆளை அவர் பார்த்ததே இல்லை.

ஊசியைத் தொடவே பயமாக இருந்தது.

"சளி டெஸ்ட் எடுக்கணும்மா."

"டப்பா குடுங்க சார். காலைல வீட்லேர்ந்தே எடுத்தாரேன்."

சொன்னபடியே மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாம் நாள் முடிவு கேட்க வந்து நின்றாள். லேப் கவர் பிரிக்காமல் மேஜைமேல் கிடந்தது.

"எனக்குத் தெரியும்மா. நீ நோயாளி இல்ல. நடிக்கிற."

தெய்வநாயகியின் முகம் வெளுத்துப்போனது. "மன்னிச்சிடுங்க சார்."

"பரவால்ல. தனி கிளினிக் டாக்டரும் விதிப்படிதான் பாக்குறாருன்னு ஒன்ன அனுப்புனவங்ககிட்ட போய்ச் சொல்லு."

நிம்மதியாகக் கவரைப் பிரித்தார். சளியில் காசநோய்க் கிருமி இருப்பதாக எழுதியிருந்தது.

பெயரைச் சரிபார்த்து இன்னொரு முறை படித்தார். "என்னம்மா இது, கிருமி இருக்குன்னு வந்திருக்கு. ஒன்ன யார்தான் அனுப்புனாங்க?"

"யாரும் அனுப்பலீங்க." அவள் உடைந்து அழுதாள். "டி.பி.ன்னு வெளிய தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் நின்னுடும்னு, என் வீட்டுக்காரரு டாக்டர்கிட்டயே வரமாட்டேன்றாரு. டப்பால நான் குடுத்தது அவரு சளி சார்."