வயல்வரம்பில் ஒரு மகஜர்

"ஒரு மொழியைக் கற்பதென்பது ஓர் இனத்தின் ஆன்மாவுக்குள் பாதம் பதித்து நடப்பதாகும்" என்று, கேகாலைப் பக்கத்து வயல்வரம்பில் நின்று உமாசுதன் தன் அலுவலக வட்ஸ்அப் குழுவுக்குக் குரல்பதிவு அனுப்பினார். அதற்குள் இரண்டு அட்டைகள் அவருடைய காலுறைக்குள் குடிபுகுந்துவிட்டன.

'நடந்தபடி சிங்களம்' என்ற மூன்று நாள் விடுமுறை வகுப்பின் கடைசி நாள் அது. திங்கட்கிழமை சிங்கள வாய்மொழிப் பரீட்சை, மூன்றாவது தடவையாக. சித்தியடைந்தால் பணிப்பாளர் பதவி. தவறினால் அந்தக் கதிரை, அவரே வேலை பழக்கிய தனுஷியாவுக்கு.

கதிரையைவிட இன்னொன்றும் உறுத்தியது. போன மாதம் ஒரு மனிதர் அவருடைய மேசைக்கு முன்னால் நின்று சிங்களத்தில் நெடுநேரம் ஏதோ சொன்னார். உமாசுதன் சிரித்துத் தலையாட்டி, 'மிக நல்லது' என்று சிங்களத்தில் வாழ்த்தி அனுப்பினார். மகன் செத்துப்போனதைத்தான் அவர் சொன்னார் என்று தனுஷியா பிறகு விளங்கப்படுத்தினாள்.

வெள்ளவத்தையிலிருந்து மனைவி சுபோதினி அழைத்தாள்.

"என்னப்பா, நாக்குத் திரும்பிட்டுதோ? இல்லாட்டி கால் மட்டுந்தான் நடக்குதோ?"

"பகிடி விடாதையும். இண்டைக்குத்தான் கடைசிப் பயிற்சி."

"அந்தப் பெயர்ப்பலகையை என்ன செய்யிறது? மூண்டு பாஷையிலயும் பணிப்பாளர் எண்டு அடிச்சு, ரெண்டு வருஷமாக் கட்டிலுக்குக் கீழ கிடக்குது."

"தூசி தட்டி வையும்."

பயிற்சியை ஆசிரியை ஹப்ஸா காலையிலேயே சொல்லியிருந்தார். "தனியா நடங்க சேர். ஒரு கிராமவாசியோட பத்து நிமிஷம் சிங்களத்துல பேசிட்டு, வெளங்கிச்சி எண்டு அவர்ட கையெழுத்த வாங்கிட்டு வாங்க. தமிழ் வாயில வரவே படாது." அந்தப் பயத்தில்தான், கொழும்பு பாமன்கடையிலிருந்து வந்திருந்த இன்னொரு தமிழ் மாணவரை ஹப்ஸா உமாசுதனின் கண்ணிலும் காட்டாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் தங்கவைத்திருந்தார்.

வரம்பு முடியும் இடத்தில், சாரம் உடுத்த ஒரு பெரியவர் கல்லில் இருந்தார். உமாசுதன் சிங்களத்தில் வணக்கம் சொல்ல, பெரியவர் மரியாதையாக எழும்பி நின்று பதில் சொன்னார். மழையைப் பற்றி, தென்னையைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி ஆறுதலாகக் கதைத்தார்கள்.

பெரியவர் சொன்னது ஒரு சொல் விடாமல் விளங்கியது. பஸ் கொண்டக்டர் சொல்வதே விளங்காத உமாசுதன், பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிராமத்தில்தான் சுத்தமான சிங்களம் உண்டு என்று அந்த இடத்திலேயே ஒரு கொள்கையும் வகுத்துக்கொண்டார்.

புறப்படும்போது பெரியவர் தயங்கித் தயங்கி, சட்டைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்துப் பேனாவோடு நீட்டினார். சிங்களத்தில் நாலைந்து வரி. மகஜர்! ஊர்ச்சனத்தின் மனு! மதகு உடைந்திருக்கும், அல்லது பாதை வேண்டுமாக்கும். அதிகாரியின் களை முகத்தில் தெரிகிறது போலும்.

வாசிக்கத் தெரியாததைக் காட்டிக்கொள்ளாமல், தாளில் கண்ணை ஓடவிட்டு, சிரித்துத் தலையாட்டி, பெரிய கையெழுத்தாகப் போட்டுக்கொடுத்தார். பிறகு தன் தோலட்டை டயரியை நீட்டினார். பெரியவரும் நன்றிப்பெருக்கில் எதையும் வாசிக்காமல் ஒரு கிறுக்குக் கிறுக்கினார்.

திரும்பும் வழியிலேயே வீட்டுக்கு அழைத்தார். "சுபோ, பலகையை வெளியில எடும்! அரை மணித்தியாலம் சிங்களத்தில கதைச்சனான். சனம் மகஜரே தந்திட்டுது எண்டாப் பாருமன்."

பின்னேரம் ஹப்ஸா டயரியைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த மடித்த தாளொன்றை விரித்து அதன் அருகில் வைத்தார்.

உமாசுதன் திடுக்கிட்டார். "அந்த மகஜர் இஞ்ச எப்பிடி வந்தது? மேலிடத்துக்கெல்லோ போகவேணும்?"

"மகஜர் இல்ல சேர். பாமன்கட இராசரத்தினம் மாஸ்டர்ட பயிற்சித் தாள். இதுல கிராமவாசிட கையெழுத்து எண்ட எடத்துல உங்கட சைன் ஈக்கிது."