பகல் நிலாவின் வழியே ஒரு பதில்

சாயங்கால வெயிலில் நிலா வெளுத்துத் தெரிகிறது. மொட்டைமாடியில் கணவர் ஆன்டெனாவை அதன் பக்கம் திருப்பிப் பிடித்திருக்க, கீழே தையல்காரி ரேடியோ முன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தன் ரேடியோ அழைப்பு நிலாவில் பட்டுத் தெறித்து, பூமியின் மறுபக்கத்தில் யாருக்காவது எட்டட்டும் என்று பதினோரு மாதமாக அனுப்புகிறாள். பதிலே இல்லை. இப்போதும் வெறும் இரைச்சல்தான். ரேடியோவோடு இணைத்த கணினி அதை ஒரு நிமிடம் சலித்துப் பார்க்கிறது. திரையில் ஒரே ஒரு வரி விழுகிறது: ரேடியோவில் அவளுக்குப் பெயர்போல இருக்கும் அழைப்புக்குறி, அருகே முன்பின் தெரியாத ஒருவருடையது. கழுத்தில் தொங்கும் அளவுநாடாவை இறுகப் பற்றிக்கொள்கிறாள். "கை கடுக்குதும்மா, இறக்கிடட்டுமா?" என்று மேலிருந்து கேட்கிறார் கணவர். "அசையாதீங்க! நிலா வழியா யாரோ என்னைக் கூப்பிடுறாங்க." "பதில் சொல்லும்மா, நான் மூச்சுகூட விடல" என்கிறார் அவர், ஆன்டெனாவை நிலாவுக்கு நேரே பிடித்தபடி.