மூன்றரை மணி மந்தம்

மூன்று இருபதுக்கே நிசாந்தினி கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

டொச் என்கிற ஜேர்மன் மொழிச் சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள். அதில் சித்தியடையாவிட்டால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால், கலியாண எழுத்து முடிந்து ஒரு வருடமாகியும் சுவிஸில் இருக்கும் ஷாருஜனிடம் போகமுடியாது. புளியங்கூடல் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். கடைக்குப் போனால் பாணைத் தருவதற்கு முதல் பயணம் எப்போது என்றுதான் கேட்பார்கள்.

படிப்பதற்கென்றே வந்த கொம்பியூட்டர்தான் காலை வாரியது.

காலையில் பறக்கும். பின்னேரம் மூன்றரை ஆனதும் ஆமை. எழுத்தைத் தட்டிவிட்டு, அது திரைக்கு வருவதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்துவிடலாம். நாலு மணிக்குத் தானாகவே சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முழுநாளும் மந்தம்.

கடற்காற்றின் உப்பு ஏறிவிட்டது என்றார் சித்தப்பா. கரண்ட் காணாது என்றது பக்கத்து வீடு. அம்மா நாவூறு என்றே முடிவு கட்டி, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துக் கொம்பியூட்டரை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டார். வீடு முழுக்க இருமியதுதான் மிச்சம்.

கடைசியில் இன்று மத்தியானம், ஊர்காவற்றுறையில் கொம்பியூட்டர் திருத்தும் சுலக்சன் வந்தான். தூசி தட்டினான். வேண்டாததையெல்லாம் அழித்தான். பிறகு ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து மேலும் கீழும் உருட்டிப் பார்த்தான்.

"அக்கா, இதுக்குள்ளை ஒளிச்சு வைச்ச ஒண்டு கிடக்கு. ஆரோ தூரத்திலை இருந்து உங்கட திரையைப் பாக்கினம். கீபோட்டும் அவையின்ர கையிலைதான். கழட்டிவிடட்டே?"

"வேண்டாம். இண்டைக்கு ஒருநாள் கிடக்கட்டும்."

ஆரென்று அவள் கேட்கவில்லை. கொம்பியூட்டரை அனுப்பியவர் ஷாருஜன். ஆறாம் பாடத்தில் அவள் தடக்கி நின்றதும், சிநேகிதிக்கு எழுதிய கடிதமும், பார்த்த படமும் அவள் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தன. அதை அன்பென்று நம்பி நாலு பேருக்குப் பெருமையாகச் சொன்னவளும் அவள்தான். நினைக்க நினைக்க உடம்பு எரிந்தது.

மூன்றரை. உள்ளே விசிறி இரையத் தொடங்கியது. சுட்டி இழுபட்டது.

வந்துவிட்டார்.

சோதனையில் முப்பது சொல்லில் ஒரு கடிதம் எழுத வேண்டும். இவ்வளவு நாளும் பிறந்தநாளுக்கு அழைப்பதும் ரயில் பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்பதுமாகவே எழுதிப் பழகினாள். இன்று சொந்தக் கடிதம். டொச்சிலேயே எழுதினாள். டொச்சில் எழுதிப் பழகு என்று சொன்னவரும் அவர்தானே.

அன்புள்ள ஷாருஜன், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். நான் வரமாட்டேன். சோதனையை எழுதுவேன், எனக்காக. இப்படிக்கு, நிசாந்தினி.

ஊர் கேட்கும். அம்மா அழுவார். பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி எழுத்தும் ஆடி அசைந்து திரைக்கு வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, அவள் கை மடியில் இருக்கும்போதே, எழுத்துகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழியத் தொடங்கின. முதலில் அவள் பெயர் போனது. சோதனை போனது. வரமாட்டேன் போனது. அன்புள்ள ஷாருஜனும் போய்த் திரை வெறுமையானது.

அவள் திரும்ப எழுதினாள்.

திரும்ப அழிந்தது.

மூன்றாம் தரம் பாராமலே எழுதினாள். வழக்கமாகப் பிழைவிடும் சொல்லும் சரியாக விழுந்தது. அதுவும் அழிந்தது. நாலாம் தரம் தொடங்கினாள்.

சுவரில் மணி மூன்று ஐம்பது. சுவிஸில் பன்னிரண்டு இருபது.

அவருடைய தொழிற்சாலையில் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம்தான் விடுவார்கள். அவளுக்குப் பின்னேரம் முழுக்கக் கிடந்தது.