மூன்றாவது பாட்டில் ஒரு குறை

"இதோ வருது, கேளுங்க!" வீட்டுக்காரர் விரலை உயர்த்தினார். சுழன்ற பழைய இசைத்தட்டின் மூன்றாவது பாட்டில், புல்லாங்குழல் ஓய்ந்து கோரஸ் தொடங்குமுன் உள்ள அமைதியில், 'ங்...' என்று ஒரு பொடிச் சத்தம்.

"ஊசியை மாத்தியாச்சு, ஒயரை மாத்தியாச்சு. ஸ்பீக்கரையும் கழட்டிப் பார்த்துட்டேன் சார்," என்று மெக்கானிக் கையை விரித்தார்.

"பாடுறவர் மூச்சு இழுக்கறதுகூடப் பக்கத்துல உட்கார்ந்த மாதிரி கேக்குது. அப்படிப்பட்ட சிஸ்டத்துல இப்படி ஒரு ரிப்பேரா?"

நேற்றுதான் ஊரிலிருந்து வந்த மாமியார் அறை வாசலிலேயே சிலையாக நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளை, அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். மாமியாரின் கண்கள் நிறைந்தன.

"இது ரிப்பேர் இல்ல. இந்தப் பாட்டுல கோரஸ் பாடினதுல நானும் ஒருத்தி. கைக்குழந்தையைப் பார்த்துக்க வீட்டுல ஆள் இல்ல. கூடையில தூங்க வச்சு, ஸ்டூடியோவுல திரைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தேன். சரியா அந்த இடத்துல சிணுங்கிடுச்சு. வேலை போச்சுன்னு நடுங்கினேன். ஆனா யாருக்குமே கேக்கல. இத்தனை வருஷம் ரேடியோவுலகூடக் கேட்டதில்ல!"

"எந்தக் குழந்தை அத்தை?"

"எனக்கு என்ன பத்தா இருக்கு? உங்க பொண்டாட்டிதான்!"

உள்ளறையில் கம்ப்யூட்டர் முன் இருந்த மனைவி குரல் கொடுத்தாள்.

"இன்னுமா அந்தச் சத்தத்தை நிறுத்தல?"

வீட்டுக்காரர் மெக்கானிக்கின் காதருகே குனிந்தார்.

"அதை இன்னும் கொஞ்சம் தெளிவாக் கேக்க என்ன பண்ணணும்?"