சூனிய ராணியின் தம்பி

என் மாயாஜால நாவலில் அக்கா சூனிய ராணி, தம்பி இளவரசன். இருவரும் எதிரெதிர்ப் படைகளில் நிற்பார்கள். மூன்று வருடமாக என்னோடு பேசாத என் அக்கா கீதாஞ்சலி அதைப் படித்துவிட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து திருவண்ணாமலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

கதவைத் திறந்தேன்.

“ராணி நான்தானே?”

“அக்கா... அது சும்மா கற்பனை.”

“பரவால்ல, விடுடா. அந்த இளவரசன் அப்படியே நீதான். தப்பையும் பண்ணிட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிறான். ஒண்ணுத்துக்கும் உதவாம வீரவசனம் வேற ஜாஸ்தி. சிரிச்சி சிரிச்சி வயிறு வலிச்சிது. தன்னையே இப்டி கிண்டல் பண்றதுக்குப் பெரிய மனசு வேணும்டா. என் கோவமே போயிடுச்சி.”

கண் கலங்க என்னைக் கட்டிக்கொண்டாள்.

“ஆமாக்கா” என்றேன்.

மாவீரன் என்று நினைத்துத்தான் நான் அவனை எழுதியிருந்தேன்.